வேண்டுமென்றே கவிழ்த்த படகு

கிள்ளான்
14.7.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு தணிந்ததா? நான் சுகம். இடது கையில் கட்டு இருப்பதால் தாள் நழுவி எழுத்து கோணலாகிறது, அவ்வளவுதான்.

பள்ளியில் பாய்ப்படகுச் சங்கத்தை என் தலையில் கட்டியதை எழுதியிருந்தேன். இரண்டு ஒடுங்கிய ஓடங்களைப் பிணைத்த சின்னப் படகு. அதை வேண்டுமென்றே கவிழ்த்து, தாமே நிமிர்த்தப் பிள்ளைகள் பழகவேண்டும். போன சனிக்கிழமை பெற்றோரைப் பார்க்க அழைத்தேன். கவிழ்ப்பதும் பாடம் என்று சொல்லாதது என் பிழை.

என் மாணவி தவமலர் நீரில் விழுந்ததும், லோரி ஓட்டும் அவள் அப்பா, "என் புள்ளைய கொல்றீங்களாடா!" என்று துடுப்பைத் தூக்கினார். பயிற்சி கொடுக்கும் யூனுஸுக்கு இரண்டு பல் தெறித்தது. யூனுஸ் கீழே விழுந்த பிறகும் அந்த அப்பா அடித்தார். குறுக்கே போனேன், மணிக்கட்டு முறிந்தது.

"அப்பா, நான்தான் கவுத்தேன் லா! விடுங்க!" என்று தவமலர் ஓடிவந்தாள். அவளையும் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் ஒழுக, "அடிங்க. அடுத்த வாரமும் கவுப்பேன்" என்றாள். அவர் சேற்றில் உட்கார்ந்து அழுதார். அடித்துவிட்டு அழுகிறவர்களை நான் எளிதில் நம்புவதில்லை.

"போலீஸ் வேணாம் டீச்சர், அப்புறம் பிள்ளைய அனுப்ப மாட்டாரு" என்றார் யூனுஸ். நான் போலீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

பொத்தானில்லாமல் தலைவழியே மாட்டும் தளர்ந்த சட்டை இரண்டு தைத்து அனுப்புங்கள். ஒரு கையால் பொத்தான் போட முடியவில்லை. போட்டுவிட இங்கே ஆளில்லை.

தையல் போட்ட உதட்டோடு தவமலர் வாசலில் வந்து நிற்கிறாள். "அப்பா இன்னும் லோக்கப்புலதான் இருக்காரு டீச்சர். படகு எடுக்கலாமா?" என்கிறாள்.

போகிறேன் அம்மா.

பாக்கியம்