மருந்து அலமாரியின் பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவிடமிருந்து கடிதம் என்றதும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு: அப்பா நினைவோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், பக்கத்துக் கட்டில்காரரிடம் அரசியல் பேசி வம்பு வளர்க்கிறார். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவர் காது எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறேன். நுரையீரலில் மறுபடியும் சளி கட்டிக்கொண்டது. மகள் அங்கே நர்ஸ், ராஜ உபசாரம் நடக்கும் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படிச் சொல்லித்தான் அழைத்து வந்தேன். ஆனால் அவர் படுத்திருக்கும் வார்டில் நான் இல்லை. அவரைச் சேர்ப்பதற்கு முன்பே என்னை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். நடுவில் ஒரு நீளமான நடையும் இரண்டு மாடியும். இதை உன்னிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நடந்தது இதுதான். மருந்து களவு போகிறது என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அதுவரை எங்கள் கைக்கெட்டும் தட்டில் இருந்த அவசர ஊசிகளையும் சேர்த்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, இருந்த ஒரே சாவியை மருந்தாளுநரிடம் கொடுத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் தையல் வேலை செய்கிற பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சுக்குழல் அடைத்து உதடெல்லாம் நீலம். டாக்டர் ஊசியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். மருந்தாளுநரோ மருந்துப் பாதுகாப்பு பற்றிய கூட்டத்துக்குப் போயிருக்கிறார், சாவி அவர் சட்டைப் பையில். ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற ஸ்பேனர் சுவரில் தொங்கியது. எடுத்துப் பூட்டின்மேல் ஒரே போடு. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.

விசாரணையில் அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பூட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். எந்தக் கையால் அடித்தீர்கள், எழுத்து மூலம் அனுமதி பெற்றீர்களா என்றெல்லாம். உதடு நீலமாகிக்கொண்டிருக்கும்போது யாருக்கு மனு எழுதுவது என்று கேட்டேன். வாய்த்துடுக்கு என்று அதையும் குறித்துக்கொண்டார்கள். ‘அவசரப்பட்டுத் தவறு செய்தேன், இனிச் செய்யமாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இதோடு முடித்துவிடலாம் என்றார் கண்காணிப்பாளர். கெட்ட மனிதர் இல்லை. “நானும் மேல பதில் சொல்லணும்மா” என்று இழுத்தார். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாளே ஜன்னல். அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. “என்ன ஆனாலும் போடாதே” என்றார். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போது அவர் வீட்டில் இருந்தார். இப்போது அந்த வார்டில் படுத்திருக்கிறார்.

முந்தாநாள் அவருக்குத் திணறல் வந்தது. என் இடத்தில் இருப்பவள் நாங்கள் குருவி என்று கூப்பிடும் சின்னப் பெண். அதே ஊசி, அதே அலமாரி, புதுப் பூட்டு. மருந்தாளுநர் சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடிக் குருவி ஓடியிருக்கிறாள். எனக்குச் செய்தி வந்ததும் வரிசையை அப்படியே விட்டுவிட்டு மாடியேறி ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அப்பாவின் கண் மேலே செருகியிருந்தது. ஸ்பேனருக்காகச் சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும்தான் இருந்தது. என் கதைக்குப் பிறகு ஸ்பேனரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களாம். நல்லவேளை, மருந்தாளுநர் எச்சில் கையோடு ஓடி வந்து திறந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன், தம்பி.

ஏன் உடைக்கவில்லை என்று குருவியின் கையைப் பிடித்துக் கேட்டேன். “அக்கா, உங்களையே ஜன்னல்ல உக்கார வெச்சுட்டாங்க. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகலையே” என்று அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

நேற்றுக் காலை கண்காணிப்பாளர் அறைக்குப் போய், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் வார்டுக்கே போட்டுவிட்டார். வெட்கமாக இருந்தது. இனி எவளும் அந்தப் பூட்டின்மேல் கை வைக்கமாட்டாள். பெரிய அக்காவே தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்பாள். அது தெரிந்துதான் போட்டேன். எனக்கு அப்பா வேண்டும்.

நான் வார்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “பாத்தீங்களா, என் பொண்ணு வளையாமலே ஜெயிச்சுட்டா” என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். நான் படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

உன்னிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். ஆமாம்ப்பா என்று மட்டும் சொல். உன் குரல் கொஞ்சம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று. உன் பட்டறையிலிருந்து நல்ல கனமான ஸ்பேனர் ஒன்று, கைப்பையில் அடங்குகிற அளவில், இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது சீக்கிரம் கொடுத்தனுப்பு. இப்போதைக்கு வீட்டுச் சுத்தியலைத்தான் பையில் வைத்திருக்கிறேன். அதன் பிடி ஆடுகிறது.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அக்கா