செல்லாயி வரைந்த காது

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹேமாவதிக்கு,

சண்டிகர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே. நானும் நலம், முழங்காலைத் தவிர. உன் சித்தப்பா முத்துகிருஷ்ணன் போனில் உன்னிடம் சொன்னது போல நான் யாரையும் வகுப்பை விட்டுத் துரத்தவில்லை. செல்லாயி தானாகத்தான் எழுந்து போனாள், போகும்படி செய்தவள் நான், அதை நானே சரியாக எழுதிவிடுகிறேன்.

மகளிர் குழுத் தலைவி ஏஞ்சல் கேட்டதால் சனிக்கிழமைதோறும் பதினொரு பெண்களுக்கு அவரவர் விற்கும் பொருள்மேல் ஒட்ட லோகோ வரையச் சொல்லித்தருகிறேன் என்று உனக்குத் தெரியும். ஊறுகாய் போடுகிறவள், ஜாக்கெட் தைக்கிறவள், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். தன்னை எது காட்டுமோ அதை வரைய வேண்டும், பிறகு எழுந்து முதுகு நிமிர்ந்து அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும், எங்கள் கான்வென்டில் சிஸ்டர் எங்களைப் பேசவைத்தது போல. செல்லாயி நடவுக்குப் போகிறவள், ஆட்டு எருவை மூட்டை கட்டி மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்கிறாள். அவள் ஓர் இலை மாதிரி வரைந்திருந்தாள், மேல் ஓரத்தில் கோடு சேராமல் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. கை நடுங்கிவிட்டது என்று நினைத்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த இடைவெளியை மூடி, மை போட்டு அழகாக்கி அடுத்த வகுப்பில் கொடுத்தேன். எழுந்து நின்றவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீச்சரம்மா, இது எவ வூட்டு ஆடோ, என்னுது இல்ல என்றாள். அது இலை இல்லை, காது. மேய்ச்சலில் ஆடுகள் கலந்துவிட்டால் அடையாளம் தெரிய ஒவ்வொரு வீட்டாரும் காதில் ஒரு விதமாக வெட்டு வைப்பார்களாம், அவள் வீட்டு வெட்டைத்தான் நான் மூடியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த மோகனா, இனிமே யார் வேணா புடிச்சிக்கினு போலாம் என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். செல்லாயி தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள், அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பதினான்காம் தேதி வாலாஜாபாத்தில் நடக்கும் மகளிர் குழுக் கண்காட்சியில் பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்தும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாளாம்.

வியாழக்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். உன் அப்பாவிடம்கூட நான் சொல்லாத வார்த்தை. அவள் ஆட்டைக் கட்டிக்கொண்டே, இன்னாத்துக்கும்மா இந்த வெயில்ல, சொல்லி அனுப்பியிருந்தா வந்திருப்பனே என்றாள். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, நான் வரேன், ஆனா பதினோரு பேர வரைய வெச்சீங்களே, உங்குளுது எங்க கீது, பதினாலாந்தேதி நீங்களும் எங்களாட்டம் நின்னு பேசணும் என்றாள். சரி என்று சொல்லி வந்துவிட்டேன். மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் வரைந்தேன், விளக்கு வரைந்தேன், கோடெல்லாம் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவும் நான் இல்லை. வெறும் கையோடு போய் நின்றால் செல்லாயி முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. என்னை நினைத்தால் உன் கண்முன் முதலில் எது வருகிறது, நல்லதோ கெட்டதோ, அதை மறைக்காமல் எழுது. ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன், அதன்பின் நீ எழுதுவதையே விட்டுவிட்டாய். இப்போது நீ எழுதுவதில் ஒரு புள்ளிகூடத் தொடமாட்டேன். போனில் வேண்டாம், பதினான்காம் தேதிக்கு முன் வந்து சேரும்படி கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
கஸ்தூரி