மூச்சுவாயில் நான் இட்ட முத்திரை

வாழ்க ஆலங்கரை. அதன் ஏழு துறைகளிலும் படகுகள் இடரின்றி அணைக. அதன் வயல்களில் மடைநீர் குறையாது ஓடுக. அதன் அரியணையில் வீற்றிருந்து, பகைவரும் நம்பும் சொல்லுடையவர் எனப் பெயர் பெற்ற கோமான் இளவெயினர் நெடிது வாழ்க.

நெடுமுகை நாட்டு அரசியார் வேண்மாதேவியின் பானசாலைத் தலைவியாக இருந்தவளும், இரு நாடுகளுக்கிடையே தூது செல்லும் உரிமை பெற்றவளுமாகிய கொற்றி, அரசியாரின் ஆட்சியாண்டு பதினொன்றில், ஆவணி வளர்பிறை நான்காம் நாள், வெண்குடிக் கோட்டையிலிருந்து தன் கையால் எழுதி விடுக்கும் ஓலை இது. இத்தகைய ஓலைகளை எழுத்தர் எழுத, நான் கேட்டுத் திருத்துவது வழக்கம். இதனை இன்னொருவர் காதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே கோணல் எழுத்தைக் கோமான் பொறுத்தருள்க.

வரும் முழுநிலவு நாளில் தங்கள் நாட்டு வெண்கலக் கன்னார் அந்துவனாரின் வலக்கை வெட்டப்பட இருக்கிறது. அந்தத் தண்டனையைக் கேட்டவள் நான். அதை நிறுத்தவே இதை எழுதுகிறேன். அவர் மேல் குற்றம் இல்லை. இந்த ஒரு வரியைப் படித்தவுடன் தண்டனையை நிறுத்த ஆள் அனுப்பி, மற்றவற்றைப் பிறகு படிக்குமாறு வேண்டுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆண்டுதோறும் அமைதித் திருநாளில் இரு நாட்டு வேந்தரும் ஒரே மிடாவிலிருந்து ஒரே நேரத்தில் தேறல் அருந்துவது நம் முன்னோர் செய்த உடன்படிக்கை. தேறலை வடித்து, வேங்கைப் பலகை கூட்டி இரும்புப் பட்டை இட்ட மிடாக்களில் நிறைத்து அனுப்புவது எங்கள் கடமை. அந்த மிடாக்களுக்கு வேண்டிய வெண்கல வாய்களையும் மூடிகளையும் குழல்களையும் வார்த்துத் தருவது உங்கள் கடமை. இருவர் கையும் படாமல் அந்தத் தேறல் அவைக்கு வராது என்பதே இதன் பொருள்.

அந்துவனாரின் வேலையை நான் பதினான்கு ஆண்டுகளாக அறிவேன். அவர் செய்த இரட்டைக்குழல் பூட்டை மிடாவின் ஊற்றுவாயில் வைத்து, இரண்டு காதுகளும் பள்ளத்தில் விழுந்ததும் கால் சுற்றுத் திருப்பினால் போதும். உள்ளே இருக்கும் நாக்குத் தாழ்ந்து, இரு குழல்களிலும் ஒரே அளவாகத் தேறல் இறங்கும். கழற்றினால் நாக்கு எழுந்து வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு துளி தரையில் சிந்தாது. தேறலை நிறைக்கும் வாய் மிடாவின் தலையில் இருக்கும்; இவ்விரண்டும் போக, மிடாவின் தோளில் அவர் மூன்றாவதாக ஒரு சிறு வாயும் வைப்பார். நெல்லிக்காய் அளவு மூடி, அதன் தலையில் எடைக்காக ஒரு வெண்கல மணி. தேறல் உள்ளே பொங்கி ஆவி மிகும்போது அந்த மூடி தானே எழும். சீறிவிட்டுத் தானே அமரும். அதற்கு மூச்சுவாய் என்று பெயர்.

இவ்வாண்டு அவரே வெண்குடிக்கு வந்து ஐந்து மிடாக்களுக்கும் வாய்களைப் பொருத்தினார். புறப்படும் முன் என்னை அழைத்து மூச்சுவாயைக் காட்டினார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மணி, இது ஒண்ணை மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்கங்க. உள்ள இருக்கிறதுக்கு இன்னும் உசுரு இருக்கு. அது மூச்சு விடணும்." நான் தலையசைத்தேன். அவருக்கு வெற்றிலையும் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன மறுநாள், என் கையாலேயே அரக்கைக் காய்ச்சி, ஐந்து மூச்சுவாய்களின் மேலும் ஊற்றி அரசியாரின் முத்திரையைப் பதித்தேன்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அயல்நாட்டுக்குச் செல்லும் கலத்தின் ஒவ்வொரு வாயிலும் முத்திரை இருக்க வேண்டும் என்பது எங்கள் நாட்டு விதி. மூச்சுவாய்க்கு அந்த விதி பொருந்தாது என்பது பானசாலையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சென்ற ஆண்டு விருந்தில், உங்கள் அவையில் ஒருவர் என்னைப் பார்த்து, "மூணு வாசல்ல ரெண்டுக்குத்தான் காவலா? மூணாவது யாருக்கு, விஷம் வைக்க வர்றவனுக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் வேடிக்கையாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு ஓராண்டு முழுவதும் எனக்குள் கிடந்தது. இம்முறை யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒரு வேடிக்கைப் பேச்சுக்குப் பதில் சொல்வதற்காகப் பதினான்கு ஆண்டுப் பழக்கத்தை ஒரு கரண்டி அரக்கால் மூடினேன்.

நான் முத்திரை இட்டபோது உடனிருந்தவர் என் கணவர் பூதன் மட்டுமே. மிடாக்களுக்குக் காவலராக என்னுடன் வரும் அலுவல் அவருடையது. "பானைக்கு வாயைக் கட்டலாம் கொற்றி, நீ மூக்கையும் சேர்த்துக் கட்டுறியே" என்று சிரித்தார். தேறல் அடங்கிவிட்டது, ஆறு நாள் வழிக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மிடாக்களின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினார். அதன்பின் மூன்றாம் முத்திரை வேறு யார் கண்ணிலும் படவில்லை.

நான்காம் நாள், உங்கள் எல்லைக்கு அரைக்காத வழி இருந்தபோது, வெயில் கடுமையாக இருந்தது. கடைசி வண்டியிலிருந்த மிடா முனகத் தொடங்கியது. மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன. பூதன் பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"இது சரியில்ல. அரக்கை உடைச்சிடுறேன். எல்லை தாண்டுறதுக்குள்ள வேற வச்சுக்கலாம்."

அரசியாரின் முத்திரை வெண்குடியிலேயே இருக்கிறது, வேறு வைக்க வழியில்லை என்றேன். உடைந்த முத்திரையோடு ஆலங்கரை வாயிலில் போய் நிற்க என்னால் முடியாது என்றேன். மீண்டும் சிரிப்பார்கள் என்றும் சொன்னேன். அவர், "சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுமே, பல்லுதானே தெரியும்" என்றார். நான் குரலை உயர்த்தி, இது தலைவியின் ஆணை, மிடாவை நிழலில் இறக்கி நீர் ஊற்றிக் குளிரச் செய்யுங்கள் என்றேன். அவர் பொய்யாக ஒரு பெரிய கும்பிடு போட்டு, "உத்தரவு, அதிகாரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பேசிக் கேட்ட கடைசிச் சொல் அதுதான். வண்டியோட்டி வேட்டனும் அவரும் மிடாவை மருத மரத்தடியில் இறக்கி முதல் குடம் நீரை ஊற்றினார்கள். இரும்புப் பட்டை அறுந்த ஓசை மட்டுமே எனக்கு நினைவிருக்கிறது. இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

இதற்குப் பின் நான் செய்ததுதான் எழுத மிகக் கடினமானது.

மற்ற வண்டிக்காரர்கள் உடல்களைச் சுமந்து செல்ல மூங்கில் வெட்டப் போயிருந்த நேரத்தில், எஞ்சிய நான்கு மிடாக்களின் துணியையும் விலக்கி, மூச்சுவாய்களிலிருந்து அரக்கைச் சுரண்டி எடுத்தேன். நான்கு மூடிகளும் எழுந்து சீறின. பின் ஒழுங்காக அமர்ந்தன. உயிரோடிருப்பவர்களைக் காப்பதற்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அரக்குத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி ஆற்றில் எறிந்தேனே, அது யாரைக் காக்க? வெடித்த மிடாவின் மூடி புல்லில் கிடந்தது. அதை மட்டும் எறிய மனம் வரவில்லை. பூதனின் தலைப்பாகைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

தங்கள் அவையில் விசாரணை நடந்தபோது, மூச்சுவாய் என்னவாயிற்று என்று கோமானே என்னைக் கேட்டீர்கள். "மூடி எழவில்லை" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. அவையிலிருந்த எல்லோரும் அந்துவனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுத்துப் பேசுவார், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. என் கால் பக்கம் தரையில் விழுந்து, மணியின் எடையில் தவறியிருப்பேன், இரண்டு உயிரைத் தின்றுவிட்டேன் என்று அழுதார். நான் நகர்ந்து நின்றேன்.

கைவினைப் பிழையால் உயிர் போனால், தண்டனையைச் சொல்லும் உரிமை இறந்தவரின் உறவுக்கும், அதை நிறைவேற்றும் கடமை வினைஞரின் வேந்தருக்கும் உரியவை என்பது நம் உடன்படிக்கை. கோமான் என் சொல்லைக் கேட்டீர்கள். கணவரை இழந்தவள் சினத்தோடு இருப்பதே இயல்பு என்று எல்லோரும் எண்ணியதால், சினத்தோடு இருந்தேன். வலக்கை என்றேன்.

வெண்குடிக்குத் திரும்பி இருபது நாள் ஆகின்றன. நேற்று முன்தினம் அந்துவனாரின் மனைவி நப்பசலையார் தனியாக நடந்தே என் வாயிலுக்கு வந்தார். இரக்கம் வேண்டி வந்திருக்கிறார் என்று எண்ணி, காணாமலே திருப்பி அனுப்பப் பார்த்தேன். அவர் போகவில்லை. உள்ளே அழைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த மூடி உங்ககிட்ட இருந்தா ஒரு நாளைக்குக் குடுங்கம்மா. கை போறதுக்கு அவரு அழல. எங்க தப்புன்னு தெரியாமப் போறதுக்குத்தான் அழறாரு. சிறையில தரையைப் பறிச்சு மண்ணுல அச்சுப் பண்ணிப் பண்ணிப் பாக்குறாரு. சோறு இறங்கல. பையன் இனிமே அந்த வேலையச் செய்யணும் பாருங்க, அவனுக்காவது சொல்லிட்டுப் போகணுமாம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத் துயரம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "உங்களுக்கும் தாங்காதுதான், நான் வந்திருக்கக் கூடாது" என்றார். என் வீட்டில், என் குற்றத்துக்காகக் கணவரின் கையை இழக்கப் போகிறவர், எனக்கு ஆறுதல் சொன்னார்.

துணியை அவிழ்த்து மூடியை அவர் முன் வைத்தேன். நாற்பது ஆண்டுகளாகக் கன்னார் வீட்டில் வாழ்ந்தவர் அவர். மூடியைத் திருப்பிப் பார்த்தார். மணியைச் சுற்றிலும் பள்ளத்திலும் சிவப்பு அரக்கு இறுகிக் கிடந்தது. அதில் எங்கள் முகை முத்திரையின் பாதி தெரிந்தது. அவர் நகத்தால் அதைக் கீறிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "இதை அவருகிட்ட யாரு சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே அரசியாரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். நெடுமுகை தலைகுனிய வேண்டிவரும் என்றேன். அரசியார், "நாடு குனிஞ்சா நிமிந்துக்கும். அந்தக் கை போனா வருமா? போய் எழுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுது, ஏடு நனைஞ்சிடும்" என்றார். ஓலையின் அடியில் உள்ள முத்திரை அவர் தம் கையால் இட்டது.

ஆகவே, இறந்த பூதனின் மனைவி என்னும் உரிமையாலும், வேட்டனின் தமையன் என் சொல்லைக் கேட்டு எனக்கு அளித்த இசைவாலும், அந்துவனார் மேல் நான் சொன்ன தண்டனையை முற்றிலும் திரும்பப் பெறுகிறேன். உடன்படிக்கையின்படி இச்சொல் ஆணையாகும். இதற்கு மேல் விசாரணை அவருக்கு வேண்டியதில்லை. அவர் பெயர் பழிக்கப்பட்ட அதே அவையில், அதே மக்கள் கேட்க, இந்த ஓலை முழுவதும் உரக்கப் படிக்கப்படுக. இரக்கம் காட்டி எந்த வரியையும் விட்டுவிட வேண்டாம். இனி எந்த நாட்டு விதியின் பெயராலும் மூச்சுவாயில் முத்திரை இடலாகாது என அரசியார் வகுத்த புதிய விதியின் நகல் ஒன்று இத்துடன் வருகிறது.

பானசாலைத் தலைமையை நேற்றே துறந்தேன். கைவினைப் பிழைக்குத் தண்டனை சொல்லும் நம் உடன்படிக்கை, அதிகாரத்தின் பிழைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கோமானும் அரசியாரும் சேர்ந்து சொல்க. நான் ஓலைக்கு ஒரு நாள் பின்னால் புறப்பட்டு நடந்தே வருகிறேன். அந்துவனார் என்னைக் காண விரும்பினால் அவர் முன் நிற்பேன். விரும்பாவிட்டால் அவர் தெருப்பக்கமும் போகமாட்டேன். என்னை மன்னிக்கும்படி யாரும் அவரிடம் பரிந்து பேச வேண்டாம்.

ஓலை கொண்டு வரும் தூதருடன் நப்பசலையார் குதிரையில் வருகிறார். மூடி அவரிடம் இருக்கிறது. அரக்கு அப்படியே இருக்கிறது. சிறைக் காவலருக்குக் கோமான் இட வேண்டிய கட்டளை ஒன்றே: விடுதலை என்ற செய்தியைச் சொல்வதற்கு முன்பே, விலங்கைக் கழற்றுவதற்கு முன்பே, அந்த மூடியை அவர் வலக்கையில் கொடுக்க விடுக. அவர் அதைத் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை யாரும் பேச வேண்டாம்.

இவ்வாறு அறிவித்து, வெண்குடிக் கோட்டையில், அரசியாரின் முகை முத்திரையின் கீழ், கொற்றி என் கையெழுத்து.