போர்டில் எழுதியிருந்ததும் நான் சொன்னதும்

வடக்குப்பட்டு
16-2-2014

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். சுகமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது, அதனால்தான் போனை விட்டு எழுத உட்கார்ந்தேன். மூன்று மாசமாக நீ அப்பா நம்பருக்கு மட்டும்தான் அடிக்கிறாய், நான் பக்கத்தில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொள்வேன், அம்மா எங்கே என்று நீ கேட்பதில்லை. கேட்காததில் தப்பும் இல்லை. அப்பாவுக்கு இந்த மாசம் ஒரகடம் கம்பெனி கேட்டில் காலை ஷிப்ட், எட்டு மணி நேரம் நிற்கிறார், முட்டி வீங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வாய்யா என்றால் காதிலேயே வாங்குவதில்லை.

நம் பின்பக்கத்து ரூமில் பூமாரி என்று தென்காசிப் பெண் குடியிருக்கிறாள், சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவள், புருஷன் லாரியில் வடக்கே போயிருக்கிறான். அவளுக்கு நாலரை மாசம். போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் பிள்ளைக்கு மண்டை ஓடு கூடவில்லை, பிறந்தாலும் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். உனக்குச் சொன்ன அதே வார்த்தை. துணைக்கு யாருமில்லாமல் என் கையைப் பிடித்தாள், அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், மறுநாள் பெட் கொடுத்தார்கள், முடிந்தது. போலீசும் வரவில்லை, ஒருத்தரும் ஏன் எதற்கு என்று அதட்டவுமில்லை. ஒரு நர்சம்மா மட்டும், இன்னாம்மா வெறும் வயித்தோட குந்திகினு கீற, போயி ரெண்டு இட்லி துன்னுட்டு வா என்று என்னைத்தான் திட்டினாள். இரண்டு நாளும் பூமாரி தலைமாட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் வீட்டில் கஞ்சி கொடுத்தபோது அவள் சொன்னாள், பெத்தவ கூட இப்பிடிப் பாத்துக்கிட மாட்டா ஆன்ட்டி என்று. அய்யோ ஷெர்லின், டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றைக்கு நீ போனில் என்னிடம் கெஞ்சினது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. இந்த நாட்டுல கலைக்க சட்டம் வுடாதும்மா, புள்ள பொழைக்காதுன்னாலும் சுமந்துதான் ஆவணுமாம், இங்கிலாந்து போவலாம்னா நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், எத்தினி வாரம் ஆவுமோ தெரியல, நான் அங்க வந்துடறேம்மா என்றாய். நான் என்ன சொன்னேன்? இங்கேயும் சட்டப்படி குற்றம்தான், ஸ்கேன் சென்டர் வாசலிலேயே போர்டு மாட்டியிருக்கிறான், போலீஸ் பிடித்துக்கொள்ளும், வராதே என்றேன். நீயும் நம்பினாய். நம் ஜனங்களில் பாதிப் பேர் அந்த போர்டைப் பார்த்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அம்மாவும் தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் அதை முழுசாகப் படித்திருக்கிறேன், உனக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்குத் தெரியும். நீ உண்டாகியிருக்கிற சந்தோஷத்தைச் சபையில் சாட்சியாகச் சொல்லி, காணிக்கை போட்டு, கேக் வெட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நீ வயிற்றோடு வந்து இறங்கி வெறும் வயிற்றோடு திரும்பினால் பாஸ்டரம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தேன். அதுதான், வேறொன்றும் இல்லை.

அதற்குப்பிறகு விசாவுக்காக நீ ஐந்து வாரம் சுமந்தாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகள் எப்போ டெலிவரி என்று சிரித்துக்கொண்டு கேட்டார்களாம், அப்பாவிடம் சொல்லி அழுதாயாம். மாப்பிள்ளைக்கு விசா வராமல் நீ தனியாக இங்கிலாந்துக்கு விமானம் ஏறினாய். நான் இங்கே சபையில் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்லி ஜெபம் பண்ண வைத்தேன். அந்த ஊர்ப் பெண்கள் இது மனித உரிமைக்கு விரோதம் என்று ஐ.நா. சபை வரைக்கும் முறையிடுகிறார்கள் என்று சொன்னாயாம். நல்லது, முறையிடட்டும். அந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு உன் முகம் தெரியாது. பெத்து வளர்த்த நானே உன் வழியை மறித்தேனே, என்னை எந்த சபையில் நிறுத்துவாய்?

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். அப்புறம், பொண்ணு நாடு நாடா அலைஞ்சாளே, ஊரு வாய்க்கு பயந்துகினு வுட்டுட்டியே அன்னம் என்றார், அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்திலும் எழுந்து சொல்லப்போகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எழுதவில்லை, உன்னிடம் பொய் இருக்கக்கூடாது என்றுதான்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் காதில்தான் இறங்கும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி எந்த நிலைமையில் வரவேண்டியிருந்தாலும், வரட்டுமா என்று என்னிடம் கேட்காதே. டிக்கெட் போட்டுவிட்டு எத்தனை மணி விமானம் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னபாக்கியம் யாக்கோபு