காசின் கருப்பு

என்னங்க,

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

உங்கள் தாத்தாவின் செப்புக்காசைப் பஞ்சால் துடைத்துப் பார்த்த பழங்காசுக்கார கமலக்கண்ணன் அண்ணன், "பழங்கருப்பு பஞ்சுல வராது, இதுல சாயம் ஒட்டிகினு வருது" என்றார். பார்க்கக் கொடுத்த இடத்தில் அவரே காசை மாற்றிவிட்டார் என்று சண்டை போட்டுவிட்டு நீங்கள் பெங்களூருக்குப் போய்விட்டீர்கள்.

காசு அதேதான். அவர் சொன்னதும் சரிதான்.

வெள்ளிக்கிழமை சாமி அலமாரியில் இருக்கும் செம்பையெல்லாம் புளிபோட்டுத் தேய்ப்பது என் பழக்கம். அந்தக் காசும் அங்கேதான் இருந்தது. தேய்த்தால் எவ்வளவு பழைய கருப்பும் போய்விடும். நம் சாயப்பட்டறையில் கருப்புக்குப் பஞ்சமில்லை. இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

இன்று மளிகைக்கடையில் கமலக்கண்ணன் அண்ணனின் மனைவி, "எங்க வூட்டுக்காரர் சரியா சாப்பிடறதே இல்லைங்க. அவரு காச மாத்தலைன்னு நீங்களாவது உங்க வூட்டு அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாள். என் கையில் புளிப் பொட்டலம் இருந்தது.

உங்கள் வீட்டில் இருப்பவள்