செங்கல்லில் செய்த கதவு

அன்புள்ள சுண்டெலிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்லைக்கூடத் துலக்காமல், கம்ப்யூட்டரைத் திறந்து பதினேழு செங்கல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று உறைத்தது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், போன ஞாயிறு போனில் குரலில் சளி இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறேன். மாடிப்படி விளக்கை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள், ஆனால் அது பகலிலும் எரிகிறது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். நாலு வருஷம் வேறொருத்தியோடு வேறு ஊரில் இருந்தவர், அங்கே அது முடிந்துபோய், நெஞ்சில் ஒரு ஸ்டென்ட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்கிறார், வருகிற சனிக்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும். சேத்துக்கோம்மா, அவருக்கும் யாரும் இல்லை உனக்கும் யாரும் இல்லை என்கிறாய் நீ. உன் அத்தை, ஆம்பிளை திரும்பி வர்றதே பெரிசு அண்ணி, ரொம்ப பிகு பண்ணாதீங்க என்றாள். பிகு பண்ண எனக்குத் தெம்பு இல்லை என்றேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் போல, மறுநாள் காலையே அவரிடமிருந்து போன். என் அலமாரி அப்படியே இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றேன். அதில் இப்போது சுருட்டி வைத்த வரைபடங்கள்தான் இருக்கின்றன என்று சொல்லவில்லை. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு ஆபீசில் ஒரு தப்பு செய்தேன், அதையும் உனக்குச் சொல்லவேண்டும். வழக்கமாக நாங்கள் கட்டட வரைபடத்தில் சுவரை ஒரே துண்டாக வரைந்து அதன்மேல் செங்கல் படத்தை ஒட்டிவிடுவோம், அதில் இருக்கிற கதவை அழித்தால் ஓட்டையைச் சுவர் தானே மூடிக்கொள்ளும், சாப்ட்வேர் அந்த விஷயத்தில் அவ்வளவு நல்ல பிள்ளை. இந்த முறை ஒரு பழைய அச்சகத்தை நூலகமாக மாற்றுகிறார்கள், பூச்சு இல்லாமல் கல் வெளியே தெரியவேண்டும், ஆகவே ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக வைக்கச் சொன்னார் எங்கள் மேனேஜர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். ஆறாயிரத்துச் சொச்சம் கல், முழுக்கல், அரைக்கல், நடுவில் விரல் தடிமனுக்குச் சாந்து. பிடித்துப்போய்ச் செய்தேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் கல் வைக்கிறபோது வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. பக்கவாட்டில் ஒரு கதவை அடைக்கவேண்டியிருந்தது. கதவை அழித்தேன், தனித்தனிக் கல் இல்லையா, ஓட்டை ஓட்டையாகவே நின்றது. அவசரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு படம் மதியத்துக்குள்ள போகணும்மா, போகணும்மா என்று அரற்றினார். வேறு இடத்திலிருந்து கதவளவுக்கு ஒரு துண்டுச் சுவரைப் பிரதி எடுத்து ஓட்டையில் ஒட்டினேன், திரையில் பார்க்க அடைத்த மாதிரியே இருந்தது, அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கொத்தனார் போன் செய்தார். படத்துல இருக்கிற மாதிரியே அடைச்சாச்சு மேடம், ஆனா ரெண்டு ஓரத்துலயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கோடு, பழைய கல்லும் புதுக் கல்லும் ஒண்ணையொண்ணு பிடிக்கவே இல்ல, உங்க மேனேஜர்கிட்ட அப்பவே கேட்டேன், படத்தைப் பார்த்துக் கட்டுய்யான்னுட்டார், இது சுவர் இல்ல மேடம், செங்கல்லுல செஞ்ச கதவு, ஒரு பூட்டும் போட்டுடவா என்றார். சாப்ட்வேர் மேல பழியைப் போட்டுடுங்க, அது என்ன வாய் திறந்து பேசவா போகுது என்றார்கள் ஆபீசில். நான் நேரே அந்த அச்சகத்துக்கே போய்க் கொத்தனாரிடம் என் தப்புதான் என்று சொன்னேன், வெட்கமும் வரவில்லை. அடைத்ததை முக்கால் மணி நேரத்தில் பிரித்துவிட்டார்கள். பிறகு கொத்தனார் பழைய சுவரின் ஓரத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரியில் அரைக்கல்லை உடைத்தெடுக்க ஆரம்பித்தார், புதுக் கல் உள்ளே போய் உட்கார இடம் வேண்டுமாம். பழைய சுவரைத் தொடாமல் முடியாதா, எண்பது வருஷம் நின்ற சுவராயிற்றே என்று கேட்டேன். பழசை உடைக்காம எப்படி மேடம் புதுசு சேரும், வேண்டாம்னா சொல்லுங்க, நிலையை மாட்டிக் கதவாவே விட்டுடலாம் என்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கல்லும் லேசில் வரவில்லை. நல்ல சாந்து, இறுகிப்போயிருந்தது. பஸ்சில் ஏறி உட்கார்ந்தபோது உன் அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் வைத்த பதினேழு கல்லும் அந்த வரைபடத்தைத் திருத்துகிற வேலைதான், இன்னும் பாதி இருக்கிறது.

கண்ணாடியை மாற்றச் சொல்லி இரண்டு மாதமாகிறது, இந்த வாரம் கட்டாயம் போ. நோய்நொடி இல்லாமல், உன் கையை நம்பி, யார் தயவும் வேண்டாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், எனக்கு அது போதும். அத்தை கேட்டால் அம்மா ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லிவிடு, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். பின்தெருவில் தரைத்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, படி ஏறவேண்டாம், நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் அங்கே வந்து இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கூடப் போவேன், மருந்து வாங்கித் தருவேன். இந்த வீட்டுக்கு அவர் வரவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா