முதுகுத் தையல்

12.2.1974, செவ்வாய்

சூசையின் அம்மாவுக்கு அந்தச் சாம்பல் நிறக் கோட்டு பிடிக்கவில்லை. நாளைக்கு நடக்கும் தன் கல்யாணத்துக்காக, கப்பலில் வரும் பழைய சீமைத்துணி விற்கிற துறைமுகத்துக் கடையில் சூசை பார்த்து, வாங்கும் முன் காட்ட என் தையல் கடைக்குக் கொண்டுவந்தது.

"பளபளப்பே இல்லையே அண்ணாச்சி, இதுக்கா இம்புட்டு வெல கேக்கான்?"

நான்தான் துணியைக் கசக்கி விட்டுக் காட்டினேன். ஒரு சுருக்கம் நிற்கவில்லை. பொத்தான் காஜா எல்லாம் கைத்தையல். "முழங்கைகூடத் தேயல. கண்ண மூடிக்கிட்டு வாங்கும்மா" என்றேன். வாங்கிவிட்டார்கள்.

மத்தியானம் இடுப்பைப் பிடிக்க லைனிங்கைப் பிரித்தேன். முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து அடிவரை யாரோ பிரித்து, வேறு நூலால், பழைய ஊசித் துளைகளிலேயே மூடியிருந்தார்கள். அளவை மாற்றப் பிரித்திருந்தால் தையல் தள்ளி விழுந்திருக்கும். செத்தவர் கை விறைத்துப் போனால் முதுகைப் பிரித்துத்தான் கோட்டை மாட்ட முடியும். இந்த ஊரில் அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். புதைக்கும் முன் எவனோ கழற்றி விற்றிருக்கிறான்.

சாயங்காலம் சூசை போட்டுப் பார்த்தான். "எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு, அண்ணாச்சி." மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது போய்ச் சொல்லலாமா? விடிந்தால் கோயிலில் மணி அடித்துவிடும். வேறு கோட்டுக்கு எங்கே போவான்? கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் கப்பலேறுகிற பிள்ளை. செத்தவன் கோட்டில் தாலி கட்டிவிட்டா கடலுக்குப் போவான்?

முழங்கை தேயவில்லை என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். படுத்தே கிடந்தவனுக்கு எப்படித் தேயும்?